பன்னிரண்டு தௌ

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்குப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே
தஸ்தகீர் பாய் டிரம்மைக் கழற்றினார்.
தட்டித் தட்டித்தான் வந்தது.
உள்ளே பிரேக் ஷூ இரண்டும்
வஞ்சிரம் வறுத்த வாணலியாய் மினுமினுத்தன.
"இன்னாமா, கியர் ஆயில் மொத்தமும் இங்கதான் கீது.
வண்டி எங்க நிக்கும்?"

நிற்காததுதான் பிரச்சினை.
மோரிஸ் மைனர், ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல்.
மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம்
பாதி திரும்பி வந்தபோது வாங்கினேன்.
அப்பா மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள், டயரில் காற்று இருக்கிறதா என்றார்.

அச்சுத்தண்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே
காகிதத்தில் ஒரு வளையம் இருக்க வேண்டும்,
பேக்கிங் என்பார்கள்.
இருந்த இடத்தில் கருத்த பிசின்,
அதன்மேல் யாரோ அவசரத்தில் பிதுக்கிய சிவப்புப் பசை.
ஜி.பி. ரோட்டில் பதினோரு கடை ஏறினேன்.
அம்பாசிடருக்கு இருக்கிறது, ஃபியட்டுக்கு இருக்கிறது.
ஒருவர் மாடலைக் கேட்டுச் சிரித்தே விட்டார்.
ஒருவர் கொடுத்த ஷீட் தோசைக்கனம்.
கனம் கூடினால் பேரிங் ஆடும்,
குறைந்தால் கசியும்.

வீட்டில், பீரோவின் மேல்,
சணல் அவிழ்க்காத கட்டில்
இருநூற்று எண்பத்து நான்கு அட்டைகள்.
'ரொம்ப மெல்லிசா இருக்கே' என்று
மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்த அட்டை.
பளபளப்பு பூசினால் ஒன்றுக்கு நாலு ரூபாய் கூட என்று
அப்பா வேண்டாமென்ற அட்டை.

பாய் அதை மைக்ரோமீட்டரில் கடிக்க விட்டார்.
"பன்னெண்டு தௌ. கரீட்டா கீது."
திருப்பினார். படித்தார்.
பீடியை அணைத்தார். எதுவும் கேட்கவில்லை.

ஹப் முகத்தில் விரலால் எண்ணெய் தடவி
அட்டையை அழுத்தினால் வட்டம் பதியும்.
உருண்டைத் தலைச் சுத்தியலால்
விளிம்போடு விளிம்பாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும்,
வெட்டுவது இரும்பே, நாம் இல்லை.
போல்ட் ஓட்டைக்கு
பழைய பேரிங்கின் ஒரு குண்டு, ஒரே அடி.

முதல் வளையம் கிழிந்தது. என் அவசரம்.
இரண்டாவதில் ஒரு ஓட்டை நூல் அளவு தள்ளிப்போனது.
மூன்றாவது உட்கார்ந்தது.
நடுவட்டம் கழன்றபோது
இளம்பரிதி, பி.இ., முழுசாக அதோடு போனான்.
பாய் அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.
கஸ்தூரியில் 'தூ' மட்டும்
பொத்தென்று என் மடியில் விழுந்தது.
சிரிப்பை அடக்க முடியவில்லை.
கேட் அருகே பைக்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் கேட்டவர்களுக்கெல்லாம்
ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன்.
உண்மையில் எங்கே கசிந்தது என்று
எனக்கும் பிடிபடவில்லை.
கழற்றிப் பார்த்தபோது எல்லாம் நனைந்திருந்தது.

வளையத்தின் மேலே மிஞ்சியது
'ஏழரை மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள்'.
மூலை மஞ்சளும் கியர் ஆயிலும் கலந்த வாசனை
நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது.
அதன்மேல் தட்டு வைத்து, நட்டுகளை
குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினோம்.
புது லைனிங். புது சீல். இரண்டு சக்கரம்.

ஞாயிறு காலை எண்ணூர் விரைவுச் சாலை.
துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் வால்
காசிமேடு தாண்டி நீண்டிருந்தது.
முன்னால் போன ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றது.
மிதித்தேன்.
பின்சீட்டில் இருந்த டிபன் கேரியர்
முன்சீட்டுக்கு வந்தது.
கன்டெய்னர் கதவின் துருப்பிடித்த எண்கள்
கண்ணுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில்.

நின்றுவிட்டது என்று அப்பாவுக்கு போன் செய்தேன்.
அந்தப் பக்கம் மூச்சே இல்லை.
"வண்டிப்பா, வண்டி. நல்லா நிக்குது" என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தோம். காய்ந்திருந்தது.
வியாசர்பாடியில் ஒருவர்
ஃபியட்டின் டைமிங் கவருக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறார்.
வெட்டிக் கொடுக்க வேண்டும்.
'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து'
அந்த நீளத்துக்குச் சரியாக வரும்.