முன் இடது

காலையில் திரையை விலக்குகிறேன்.
இரவெல்லாம் பனி பெய்திருக்கிறது.
தெருவில் மற்ற கார்கள் எல்லாம் நிற்கின்றன.
என்னுடையது மட்டும்
முன் இடது காலை மடக்கி,
தொலைத்த எதையோ தரையில் தேடுவதுபோல்
குனிந்திருக்கிறது.

மூன்றாவது முறை.

ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில்
காற்றடைத்த ரப்பர்ப் பையை வைத்தவர்கள்
எந்த ஊர்ச் சாலையை நினைத்துக்கொண்டு வைத்தார்களோ.
திபிலிசிச் சாலையை இல்லை.
அதிலும் எங்கள் மேட்டுத்தெருவை நிச்சயமாக இல்லை.

அமெரிக்காவில் யாரோ இடித்து,
காப்பீட்டுக்காரர் கைகழுவி,
ஏலத்தில் போய், கப்பலேறி,
போத்தித் துறைமுகத்தில் உப்புக் காற்றோடு இறங்கி
பாதி விலைக்கும் குறைவாக எனக்கு வந்தது.
வரவேற்பில் உட்காரும் மக்வாலா
அதைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தாள்.
சுண்டைக்காய் கால் பணம்தான் என்று
அன்றைக்கு எனக்கும் பெருமை.
சுமைகூலியை இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

எங்கள் நாட்டுப் பணத்துக்கு லாரி என்று பெயர்.
ஒரே ஒரு காரை நிமிர்த்தி வைக்க
இதுவரை ஒன்பதாயிரத்து நானூறு லாரி.

"விற்றுத் தொலை, எதேரி" என்கிறான் அண்ணன்.

பகல் முழுக்க
அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்கிறவள் நான்.
சாயங்காலம் அந்த இருக்கையில் விழுந்தால்
மெல்லச் சூடாகும்.
முதுகெலும்பின் கடைசிக் கணு வரைக்கும்
ஒவ்வொன்றாய் விசாரித்துக்கொண்டு போகும்.
இருபத்திரண்டு வருடத்தில்
என் முதுகை வேறு யாரும் விசாரித்ததில்லை.
இதைப் போய் அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

எலியாவா சந்தையில், பள்ளத்துக்குள் இறங்கி
டார்ச் அடித்துப் பார்க்கிறான் தெங்கிஸ்.
அவனைப் படிக்கப் பழகிவிட்டேன்.
உச்சுக்கொட்டினால் முந்நூறு.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தால் எண்ணூறு.
மேலே ஏறி வந்து, கையைத் துடைத்து,
"உட்காருங்கள் டாக்டர், காபி குடிக்கலாம்" என்றால்
உட்கார்ந்துதான் கேட்கவேண்டும்.

இன்று காபி.

"பை கசிகிறது.
பை கசிந்ததால் கம்ப்ரெஸ்ஸர் ஓயாமல் ஓடியிருக்கிறது.
ஓடி ஓடி அதுவும் வெந்துபோச்சு.
வலது பக்கமும் ரொம்ப நாள் தாங்காது, சேர்த்தே இப்போ..."

பேச்சு பாதியில் நின்றது.
காபி பட்ட கன்னத்தைப் பொத்திக்கொண்டான்.

டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கினேன்.
"வாயைத் திறங்க."
கீழ் இடது, ஆறாவது பல்.
யாரோ எப்போதோ அடைத்த அடைப்பு,
அதற்கடியில் ஒரு கறுப்புக் குழி.

"எத்தனை நாளாக?"
"எப்படியோ ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"வேர் வரைக்கும் போயிருக்கிறது.
சுத்தம் செய்து மேலே மூடி போடவேண்டும்.
பக்கத்துப் பல்லும் ரொம்ப நாள்..."

நானும் நிறுத்தினேன்.

"எவ்வளவு ஆகும்?" என்றான்.
பதிலுக்கு முன்
நான் உச்சுக்கொட்டியது எனக்கே கேட்டது.

இருவரும் தள்ளுபடி கேட்கவில்லை.
வியாழக்கிழமை வரச் சொன்னேன்.
வெள்ளிக்கிழமை வரச் சொன்னான்.
மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி
வீடு வந்து சேர்ந்தேன்.
யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

வியாழன். சட்டை மாற்றி, நகத்தைத் தேய்த்துக் கழுவி,
மகன் கல்யாணத்துக்குப் போகிறவனைப்போல் வந்திருந்தான்.
நாற்காலியைச் சாய்த்தேன்.
ஊசி போட்டேன்.
மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தோம்.
வெளியே டிராஃபிக்கூட அடங்கிய ஒரு நிமிடம்.

பாதி செத்த உதட்டோடு,
மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"டாக்டர்,
இந்த நாற்காலிக்கு அடியில்
முன் இடது பக்கம்
காத்து கசியுது."