காத்திருந்த நேரம்: ஆறு மணித்தியாலம்

கம்ப்ரசருக்குரிய வால்வு ஹாலிஃபாக்ஸிலிருந்து
பின்னேரம் நாலு மணிக்குத்தான் வருமாம்.
மீன் ஆலைக்காரி ஆர்லீன்
என் கிரீஸ் கைகளைப் பார்த்துச் சொன்னாள்:
கழுவிப்போட்டு ஊரைச் சுற்றிவிட்டு வா.
லூனன்பர்க் பார்க்கவென்றே
காசு கட்டி வருகிறார்கள் சனங்கள்.

போனேன்.
சரிவு முழுக்க மரவீடுகள்.
ஒன்றின் தோளில் மற்றது கைபோட்டுக்
கடலை எட்டிப் பார்க்கின்றன.
மஞ்சள், கத்தரிப்பூ நிறம், காய்ந்த மிளகாய்ச் சிவப்பு.
வாசலுக்கு வாசல் மேலே
இடிபட்டு வீங்கிய நெற்றிபோல்
ஒரு ஜன்னல் துருத்திக்கொண்டு நிற்கிறது.
கப்பல் வருகிறதா என்று பார்க்கவா? கேட்டேன்
ஏணியில் நின்று பெயின்ட் அடித்தவரிடம்.
இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் வைத்தான்,
இவனும் வைத்தான் என்றார்.
நீலத்தின் மேல் அதே நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தார்.
நகரசபை வேறு நிறம் விடாதோ?
மனைவி விடமாட்டாள்.

படகுக் கொட்டிலில் டோரிகள்.
குறுக்குப் பலகையைக் கழற்றிவிட்டால்
கிண்ணத்துக்குள் கிண்ணமாக
ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடுமாம்.
ஒன்றில் ஏறி உட்கார விட்டார்கள்.
சீவல் தூளின் நடுவே,
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்,
எனக்குத் தலை சுற்றியது.

பசித்தது.
ஒரு கடைப் பலகையில்
சாலமன் கண்டி என்று எழுதியிருந்தது.
கண்டியிலிருந்து வந்த ஒரு சாலமன்
இங்கே கடை போட்டிருக்கிறாரே என்று
வாய் நிறையச் சிரிப்போடு உள்ளே போனால்
அது ஆளில்லை, மீன்.
வினாகிரியில் ஊறிய ஹெர்ரிங்,
நெருப்பைக் காணாதது,
வெங்காய வளையங்களுக்குள் குளிர்ந்து கிடந்தது.
முதல் துண்டுக்கு நாக்கு பின்வாங்கியது.
இரண்டாவது துண்டுக்கு
ஆயுதப் பெட்டியைத் திறந்து
ஸ்பானருக்குப் பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கிற
பச்சைமிளகாயை எடுத்துக் கடித்தேன்.
பிறகு தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.
பரிமாறிய பெண் பாதி மிளகாய் கேட்டாள்.
கண்ணீர் ஓட ஓட
மற்றப் பாதியையும் கேட்டாள்.

துறைமுகத்தில்
திசைகாட்டியின் முனைகள்போல் நட்ட கருங்கற்கள்.
கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள்,
வருடத்துக்கு வருடம்.
ஒரு வருடத்தின் கீழே, ஒரே கப்பலில்
ஒரே குடும்பப் பெயர் நாலு தடவை.
விரலால் எண்ணிவிட்டு
மறுபடியும் எண்ணினேன்.
கடைசிக் கல்லில்
இன்னும் எழுதாத இடம் இருந்தது.
ஒரு குழந்தையின் ஐஸ்கிரீம்
யாரோ ஒருவரின் பெயர்மேல் வழிந்தது.
தகப்பன் துணி தேடவில்லை,
சட்டைக் கையாலேயே துடைத்தான்.
பிறகு அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தான்.

நாலேகாலுக்கு வால்வு வந்தது.
பூட்டி, காற்றிறக்கி, வாயு நிரப்பி,
அறைக்குள் குளிர் ஒவ்வொரு பாகையாய் இறங்க
ஆர்லீன் ஸ்கலப் பெட்டிகளை
பிள்ளைகளைப் படுக்கவைப்பதுபோல் உள்ளே அடுக்கினாள்.
தேவாலயத்துக் கூரை பார்த்தாயா? என்றாள்.
நட்சத்திரம் நட்சத்திரமாக எழுதியிருக்கும்.
பூட்டியிருந்தது.
அப்படியென்றால் நீ ஒன்றுமே பார்க்கவில்லை என்று
ஒரு போத்தல் மீனை என் கையில் திணித்தாள்.

வேலை அறிக்கையில்
காத்திருந்த நேரம்: ஆறு.
காரணம் என்கிற கட்டம் மிகச் சின்னது.
உதிரிப்பாகம் தாமதம் என்று எழுத
சரியாக இருந்தது.

போத்தலுக்குப் பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டுவிட்டேன்.
ஹாலிஃபாக்ஸ் வரைக்கும்
வளைவுக்கு வளைவு
வெங்காயம் புரண்டு புரண்டு படுத்தது.