சட்டையின் நிறம்

கடல் இல்லை அது. ஜோர்ஜியன் விரிகுடா, நன்னீர்.
எங்கட ஆட்கள் கடல் என்றுதான் சொல்லுவினம்.
ஓகஸ்ட் நீள்வார இறுதி, மார்க்கத்திலிருந்து மூன்று வான்,
ஒரு பெரிய சட்டி பிரியாணி,
கடைசிவரை யாரும் விரிக்காத ஒரு வலைப்பந்து வலை.

வசாகாவின் மணலில்
நான் கத்தரிக்காய்ப் பொரியலுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.
தவநேசன் கரி ஊதிக்கொண்டிருந்தார்.
ஆரபிக்குப் போன்.
பிள்ளை என்னோடு என்று அவர் நினைத்தார்,
அவரோடு என்று நான்.
இரண்டு நினைப்புக்கும் நடுவில்
நாலு வயது அகலத்தில் ஓர் இடைவெளி.

மூடி கிடைத்தது.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கோபத்தோடு.
பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

என்ன நிறச் சட்டை என்று கேட்டாள்
பூங்காக் காவலுக்கு நின்ற பெண்.
மூக்கெல்லாம் புள்ளி, இருபது வயது வராது.
காலையில் நான்தான் போட்டுவிட்டேன்.
மூன்று பொத்தான், நடுப்பொத்தான் நிற்காது.
அது தெரியும்.
நிறம் வரவில்லை,
இங்கிலீஷிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

வெயில் கண்ணில் குத்துமாம்,
தொலைந்த பிள்ளைகள் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நடக்குமாம்.
அவள் சொல்லி முடிக்கிறபோது
தவநேசன் சூரியனை நோக்கி
அரைக் கிலோமீற்றர் ஓடியிருந்தார்.

நான் தண்ணீருக்குள் இறங்கினேன்.
எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதான் என்று
அத்தனை பேரும் சொல்லும் தண்ணீர்.
காலால் துழாவினேன்,
ஒவ்வோர் அடியிலும்
எதுவும் தட்டுப்படக்கூடாது என்று.

அவனை இரண்டாம் இலக்கக் கரையில்
ஒரு மேசைமேல் இருத்தியிருக்கிறார்கள்.
பெயர் கேட்டதற்குக் குட்டான் என்றானாம்.
பதிவில் இயல்வாணன். அவனுக்கு அது வேறு யாரோ.
அம்மாவின் பெயர்?
அம்மா.
முழுப் பெயர்?
அம்மா.

ஒலிபெருக்கி அதை வாங்கி ஆமா என்று ஆக்கியது.
ஆமா, ஆமா, உடனே வரவும்.
யாரோ எதற்கோ சம்மதிப்பதுபோல
கரை நெடுக.

அப்படியும் விளங்கியிருக்கிறது.
குடைகளுக்குக் கீழிருந்து எழும்பினார்களாம்
முப்பது பேர், நாற்பது பேர்,
கையில் சம்பலோடு, ஒற்றைச் செருப்போடு,
ஈரச் சுடிதார் காலில் ஒட்ட.
தெலுங்குக்காரி ஒருத்தியும்.
தன் பிள்ளை மடியில் இருக்க
அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள் இன்னொருத்தி.

நான் போய்ச் சேர்ந்தபோது வட்டமாக நின்றார்கள்.
வெறும் முதுகுகள்.
என்ர பிள்ளை, என்ர பிள்ளை என்று விலக்கிக்கொண்டு
உள்ளே போனால்
காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறான்.
கையில் ஐஸ்பழம், நாக்கு முழுக்க நீலம்.
சட்டை மஞ்சள்.

மஞ்சள்.

சிரித்தார்கள், ஏசினார்கள்.
ஒருத்தி என் முதுகில் அடித்தாள், கொஞ்சம் வலிக்கவே.
கலைந்து போனார்கள்.

ஓடி வராத ஒருத்தி அப்போதுதான் நடந்து வந்தாள்.
ஐம்பது தாண்டியிருக்கும். ஆம்பிளைச் சேட்டு,
பூட்ட மறந்த கைப்பை.
குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்,
பார்சலில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுபோல.
எந்த வருஷம், எந்த முகாம் என்று
நான் கேட்கவில்லை.
எத்தனை வயது? என்றாள்.
நாலு.
நாலு, என்று தானும் ஒருமுறை சொன்னாள்.
கழன்றிருந்த நடுப்பொத்தானைப் பூட்டிவிட்டு
போனாள்,
வெயிலுக்கு முதுகு காட்டி.

இரவு, நானூறாம் நெடுஞ்சாலை.
யாரும் தொடாத பிரியாணி பின்னால் மணத்தது.
உன்னோட எண்டு நினைச்சன், என்றார் தவநேசன்,
பரி தாண்டிய பிறகு.
ம், என்றேன்.

வீட்டில் அவனைக் கட்டிலில் கிடத்தி
உடுப்பு மாற்றக் குனிந்தேன்.
அந்தப் பொத்தான் இன்னும் நின்றது.
கழற்றக் கை வரவில்லை.
மணலோடு படுக்கட்டும்.