நூற்றுப் பதினான்காம் மீட்டர்

பரகுவாய் ஆறு இந்த வருடம்
அளவுகோலின் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.
பூஜ்ஜியத்தைக் குறித்தவன்
அதற்கும் கீழே தண்ணீர் போகுமென்று நினைக்கவில்லை போலும்.
அனக்லேத்தோ விடியலில் போய்ப் பார்த்து வந்து
"மைனஸ் நாற்பத்தொன்று" என்கிறான்,
யாருடைய காய்ச்சலையோ சொல்வதுபோல.

தட்டைப்படகுகள் பதினாறு சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன.
கரையில் தாது தேங்கிவிட்டது.
இரும்பு சிவப்பாக ஒரு குன்று.
மாங்கனீசு கருப்பாக ஒரு குன்று;
தொட்ட கை மூன்று சோப்புக்கும் வெளுக்காது.
இரண்டுக்கும் நடுவில் ஒரு டுயுயு நாரை
எதையோ தொலைத்ததுபோல் நடக்கிறது.

துளைப்பொறி மட்டும் நிற்கவில்லை.
மலைக்குள்ளிருந்து கல்தண்டுகளை
முழம் முழமாக உருவி
மரப்பெட்டியில் படுக்கவைக்கிறான் செனில்டோ.
நான் தண்ணீர் தெளித்து, பார்த்து, எழுதுகிறேன்.
நனைந்தால்தான் கல் வாய் திறக்கும்.
காய்ந்தால் எல்லாம் ஒரே பழுப்பு.

சிவப்பு, சாம்பல், சிவப்பு, சாம்பல்,
நகக்கண் அகலத்தில் பட்டைகள்.

அப்போது இங்கே கடல்.
கடலின் மேல் பனிக்கட்டியின் மூடி.
மூடிக்குக் கீழே மூச்சற்ற நீரில்
இரும்பும் மாங்கனீசும் உப்பைப்போல் கரைந்து
நிறமில்லாமல் கிடந்தன.
பனி விரிசல்விட்ட இடத்தில் கொஞ்சம் காற்று இறங்கியது.
இரும்புக்கு அது போதும்,
உடனே துருவாகி உதிர்ந்தது.
மாங்கனீசுக்குப் போதவில்லை.
இன்னும் மூச்சு, இன்னும் என்று
நீருக்குள்ளேயே நின்று பார்த்துவிட்டு
ஒருநாள் கருப்பாக இறங்கியது.
ஒருநாள் என்று எழுதிவிட்டேன்.
அடித்துவிட்டு "காலம்" என்று எழுதினேன்.
அதுவும் சரியாக இல்லை.

முகாமில் இரண்டு வகையும் உண்டு.
செனில்டோ ஒரு சொல்லுக்கே சிவந்துவிடுவான்.
எனக்கு, அம்மா போன செய்தி
ரேடியோவின் இரைச்சலுக்குள் வந்தபோது
"சரி" என்றேன். "கேட்கிறது" என்றேன்.
படகு இல்லை, போகவும் முடியாது.
பதினொரு நாள் கழித்து
முப்பத்திரண்டாம் பெட்டிக்கு எண் ஒட்டும்போது
பசையும் கண்ணீருமாக அந்தச் சீட்டு
கோணலாகத்தான் நிற்கிறது இன்றும்.

நூற்றுப் பதினான்காம் மீட்டரில்,
கருப்பின் நடுவே,
வாத்து முட்டையளவில் ஒரு கருங்கல்.
பெயர்தான் கருங்கல். நிறமோ ரோஜா.
இந்த மலையின் பிள்ளை அல்ல.
மிதந்துபோன பனிப்பாறையின் வயிற்றில்
எங்கிருந்தோ வந்து,
பனி உருக, கைநழுவி, விழுந்திருக்கிறது.
அடியில் பட்டைகள் அதன் கனத்துக்குக் குழிந்திருக்கின்றன.
மேலே பட்டைகள் வளைந்து
போர்வையாக மூடியிருக்கின்றன.
விழுந்த அந்த ஒரு நொடி
அப்படியே இருக்கிறது, பாதி குழியும் பாதி போர்வையுமாக.

கிணற்றில் போட்ட கல் என்கிறோம், பதிலே வராததை.
இதற்கு ஐம்பத்தெட்டுக் கோடி வருடம் கழித்து
வைரப் பல் வைத்த குழாய் ஒன்று
போய்ப் பதில் சொல்லியிருக்கிறது.

தண்டை நெடுக அறுக்க வேண்டும். விதி அது.
ஒரு பாதி மாவாகி ஆய்வகத்துக்கு,
ஒரு பாதி பெட்டிக்கு.
"அதைத் தூக்கி எறி," என்றான் செனில்டோ,
"தரத்தைக் குறைக்கும்."
உண்மைதான். சிலிக்கா கூடிவிடும்,
வாங்குபவன் விலையைக் குறைப்பான்.
ரம்பத்தை இறக்கினேன்.
உள்ளே ஈரம் பட்டதும்
அபிரகத் துணுக்குகள் மினுங்கின.
அரைக்கப் போன பாதிக்கும் அதே மினுக்கம்.

குறிப்புரைக் கட்டத்தில்
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
"மேலிருந்து வந்தது" என்று எழுதினேன்.
கட்டத்தைவிட்டு வெளியே வழிந்தது.

கரையிலிருந்து அனக்லேத்தோ கத்துகிறான்:
"மைனஸ் முப்பத்தொன்பது!"
வடக்கே எப்போதோ பெய்த மழை.
செனில்டோ நிமிரவில்லை.
அடுத்த குழாயைப் பொருத்துகிறான்.