தொட்டில் கம்பு

கழற்ற ஒரே ஒரு மூங்கில் ஆணி.
சப்பாத்திக் கட்டையால் தட்டினேன், வந்துவிட்டது.

ஜப்பான்காரன் சரணடைந்த வருஷம்
பினாங்கிலிருந்து பாய்க்குள் சுருட்டி வந்ததாம்.
அன்றிலிருந்து கீழக்கரையில்
உறையோடு தொட்டில் கம்பு.
நானும் அதன் கீழே தூங்கியவள்தான்.

பிடியில் நூல் பிரிந்த இடத்தில்
வெள்ளையாய்ப் பொரிப்பொரி.
மீன் கொண்டுவந்த சீனியம்மா எட்டிப் பார்த்து,
"திருக்கைத் தோலுல்ல இது" என்றாள்.
அருங்காட்சியகத்துக்கு ஏழு படம் அனுப்பியிருந்தேன்,
இன்னும் பதில் இல்லை.

பிடிக்குள் கிடந்த இரும்பு
கருப்பட்டி நிறம். இரண்டு துளை.
ஆணி ஒன்றுதானே?
நெட்டையனுக்கு அடித்ததை
பின்னால் யாரோ ஒரு குட்டையனுக்காக
அடியில் வெட்டியிருக்கிறார்கள்.
அடித்தவன் பெயரில் மிச்சம்
ஒன்றரை எழுத்து.

நெய்னா மச்சான் உப்புத்தாளோடு வந்தார்:
"தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்."
கையைப் பிடித்துக்கொண்டேன்.
அந்தத் துருதான் மச்சான் அதோட வயசு.

அலகுக்கு மட்டும்
தையல் மெஷின் எண்ணெய்,
பல்வலிக்கு வைத்திருந்த கிராம்புத் தைலம் ரெண்டு சொட்டு,
பழைய கைலித் துணி. விரல் படாமல்.
கச்சான் கிளம்பிவிட்டது,
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

விரிக்கக் கம்பில்லாமல்
தொட்டில் சுருங்கித் தொங்குகிறது,
பிள்ளை சிணுங்குகிறது.
நெய்னா கொல்லையில்
வேறு கம்பு தேடுகிறார்.