வலது கால்

தண்டையார்பேட்டை. சைக்கிள் கடைக்கு மேல் மாடி.
படியேறும்போதே பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை.
எபிநேசர் செருப்பை மட்டும் கழற்றச் சொன்னார்,
சட்டை கிடக்கட்டும் என்றார்.
எண்ணெய் இல்லை. சலூனில் கழுத்தைச் சொடுக்கும் வித்தை இல்லை.
மரக்கட்டில், கோரைப்பாய்,
தலைக்கு மடித்த துண்டு.

"கை வைக்கட்டுமா?" என்றார்.

கேட்டுவிட்டு யாரும் தொட்டதில்லை இந்த உடம்பை.
துறைமுக கேட்டில் இடுப்பைத் தடவிச் சோதிக்கிறவன் கேட்டதில்லை.
இ.எஸ்.ஐ. டாக்டர் முதுகில் வைத்த விரலை
எடுப்பதற்குள் மாத்திரை எழுதி முடித்திருந்தார்.
என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்
"ம்" என்றேன்,
படிக்காமல் லோடு சீட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

பிடரிக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகள்.
அழுத்தவில்லை. பிசையவில்லை. வெறுமனே இருந்தன.
"தலைய எங்கிட்ட குடுங்க கஜா."
"குடுத்துட்டேனே."
"இல்ல, நீங்கதான் புடிச்சினு இருக்கீங்க."

நாற்பதடிப் பெட்டியை மணலிக்கும் எண்ணூருக்கும்
பதினெட்டு வருஷமாக இழுக்கிறேன்.
ஒரு தலையை இறக்கி வைக்கத் தெரியவில்லை.
கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் ஒன்று
பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.
கடைசிப் பெட்டி போனபோது
என் தலை அவர் கையில் இருந்தது.
எப்போது கொடுத்தேன், தெரியாது.

தோள், விலா, தொப்புளுக்கு மேல் சிறிது நேரம்.
பிறகு கால் பக்கம் போனார்.
இடது பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.
வலது பாதத்தைத் தாங்கியவர் நகரவில்லை.
"இது எதையோ மிதிச்சினே இருக்கு."

எர்ணாவூர் வளைவு. மார்கழி. விடியாத நேரம்.
தண்ணீர் லாரியைப் பார்த்து ஓடினாள் ஒரு பெண்,
ஏழெட்டு வயது, இடுப்பைவிடப் பெரிய குடம்.
நான் மிதித்தேன்.
மொத்தப் பெட்டியும் முதுகின் மேல் வந்து முட்டியது.
சக்கரத்தின் கீழே ஏதோ நொறுங்கும் சத்தம்.
குனிந்து பார்க்கிற வரைக்கும்
அது குடம் என்று எனக்குத் தெரியாது.
பச்சைக் குடம்.
அவள் பம்பருக்கு இந்தப் பக்கம் நின்று
"காசு குடு" என்றாள், "எங்கம்மா அடிக்கும்."
இருநூறு கொடுத்தேன். ஓடிவிட்டாள்.

ஆக, ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது?
லோகாவிடம் இருநூறுக்குக் கணக்கு மட்டும் சொன்னேன்,
டீசலுக்குக் குறைந்தது என்று.

"வண்டி நின்னுச்சா?" என்றார் எபிநேசர்.
"நின்னுச்சு."
"காலுக்கு இன்னும் தகவல் வரல போல."
அவ்வளவுதான். குதிகாலைக் கிண்ணம்போல் ஏந்தியபடி
அவரும் வரிசையில் நிற்கிறவர் மாதிரி காத்திருந்தார்.

முதலில் கெண்டைச் சதை உதறியது.
பிறகு தொடை.
இன்ஜினை அணைத்த பிறகும் கேபின் குலுங்குமே,
அதுபோல, என்னைக் கேட்காமல்.
வெட்கமாக இருந்தது. நிறுத்தப் பார்த்தேன்.
"ஆடட்டும் விடுங்க."
மல்லாந்து கிடப்பவன் அழுதால்
கண்ணீர் காதுக்குள் போகும் என்பது
நாற்பத்தொன்று வயதில் தெரிந்துகொண்ட சங்கதி.
கீழே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததால்
மூக்கை உறிஞ்சிய சத்தம் வெளியே கேட்டிருக்காது.

முந்நூறு ரூபாய். சில்லறை இல்லை,
அடுத்த வாரம் கழித்துக்கொள்ளலாம் என்றார்.
படியிறங்கும்போது வலது கால்
அரை நொடி தாமதமாக வந்தது,
இரவல் வாங்கிய கால் மாதிரி.

"என்ன பண்ணாரு?" என்று லோகா கேட்டாள்.
"ஒண்ணும் பண்ணல. புடிச்சினு இருந்தாரு."
"அதுக்கா முந்நூறு?"

முட்டிக்குக் கீழே வலி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இன்று எண்ணூரில் எனக்கு முன்னால் அறுபது டிரெய்லர்.
ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக்
காலை எடுத்தேன்.
முன்னெல்லாம் நின்ற வண்டியிலும் மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.
வண்டி நகரவில்லை.
பிறகும் ஒருமுறை குனிந்து பார்த்தேன்.