கால் அங்குலம்

திங்கட்கிழமை நடுராத்திரி
துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம்.
மார்லிஸ் எழுந்து உட்கார்ந்தாள்.
"பரண் ஏணி," என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
காலையில் நடைக் கம்பளத்தின்மேல்
அறுந்த ஸ்பிரிங்கின் பாதி கிடந்தது.

ஏணி திறந்திருக்கையில் ஸ்பிரிங் விறைத்து நிற்கும்,
தொட்டால் விரல் போகும்.
மூடியபின்தான் தளரும்.
ஆகவே அதை மாட்டுகிறவன்
பரணுக்குள் இருக்க வேண்டும்.
கதவைக் கீழிருந்து ஒருவர் சாத்த வேண்டும்.
முப்பத்தோரு வருடத்தில்
இத்தனை உற்சாகமாய் அவள் எனக்கு
ஒத்தாசை செய்ததில்லை.

குறுக்கே பலகை வைத்து
நான்கு திருகாணி முடுக்கினாள்.
ஒவ்வொன்றும் என் முழங்காலுக்கடியில்
கிர்ரென்று ஏறியது.
"ஜோடியாத்தான் விப்பாங்களாம். கடைக்குப் போயிட்டு வரேன்."
கார் கிளம்பியது.
டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்று கூரையை ஒரு பக்கமாய் அழுத்தியது.

டார்ச் அடித்தேன்.
ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சு,
யாரும் கேட்காத கூடாரம்,
ஓடுகளைத் துளைத்து உள்ளே வந்த ஆணிமுனை ஒவ்வொன்றிலும்
கடுகளவு உறைபனி.
மூச்சு விட்டால் ஒன்றிரண்டு சொட்டியது.

இந்த ஏணியை வைத்தது நான்தான், 2009இல்.
ஏணி வைத்தாலும் எட்டாது என்று
வேறு எதற்கோ சொல்வார்கள்;
எங்கள் வீட்டில் ஏணியே எட்டவில்லை.
தரைக்கும் அதன் காலுக்கும் நடுவே
கால் அங்குலம்.
காலை வைக்கும்போதெல்லாம் பாரம் கீலில் இறங்கி
கீல் வளைந்து
போல்ட் ஓட்டை நீள்வட்டமாகி...
அடியில் கம்பளத் துண்டை மடித்து வைத்தேன்.
தரை கோணல் என்றேன்.
பிளம்பரிடம் சொன்னேன். மைத்துனியிடம் சொன்னேன்.
வீட்டை மதிப்பிட வந்தவனிடம்கூடச் சொன்னேன்,
அவன் எழுதிக்கொண்டான்.

வலப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றக் குனிந்தபோது
சட்டத்தின் மேல்விளிம்பில்,
உள்ளே அடைபட்டவனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில்,
பென்சில் எழுத்து. மார்லிஸின் எழுத்து.
(அன்று மேலே நின்று அளந்தவள் அவள்,
கீழே நின்று அறுத்தவன் நான்.)
"ஐம்பத்து நாலே கால்.
ஆர்லனிடம் இரண்டு தடவை சொன்னேன்."

தேதியும் போட்டிருந்தாள்.

டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில் உட்கார்ந்து
எத்தனை பேரிடம் அந்தத் தரையைக் குறை சொன்னேன் என்று
எண்ணத் தொடங்கினேன்.
அவர்களில் பாதிப் பேருக்கு
அவள்தான் காபி கொடுத்தாள், பேசாமல்.

கார் வந்தது.
இரண்டு திருகைத் தளர்த்தி
இடுக்கு வழியே ஸ்பிரிங்குகளை நீட்டினாள்,
பின்னாலேயே பாதி சாண்ட்விச்.
மாட்டினேன். நட்டை இறுக்கினேன்.
"முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது," என்றேன். பிறகு,
"தரை கோணலில்லை, மார்லிஸ்."

கீழே சத்தமில்லை.
பிறகு திருகாணிகள் கழன்றன:
ஒன்று,
இரண்டு,
மூன்று.

நான்காவதில் டிரில் நின்றது.
"சரியாக் கேக்கலை," என்றாள்.
"இன்னொரு தரம் சொல்லு."